கைத்துப்பாக்கித் தோட்டாவில் இயங்கும் கார்பைன்: எந்தக் காலிபரை வாங்குவது?

வாசகர் கேள்வி: ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகருக்கு வடக்கே மூன்று ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என்னிடம் கிளாக் 19 கைத்துப்பாக்கி இருக்கிறது. அதன் உதைப்பு மனைவிக்குப் பிடிக்கவில்லை. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவரும்கூட. ஆகவே இருவரும் பயிற்சி செய்யவும் வீட்டுப் பாதுகாப்புக்கும் பொருந்துகிற ஒரு கார்பைனை, அதாவது தோளில் வைத்துச் சுடும் குட்டையான நீள்துப்பாக்கியை, 600 டாலருக்குள் வாங்க எண்ணுகிறேன். கடைக்காரர் .45 தான் ஆளை நிறுத்தும் என்கிறார். அலுவலக நண்பர் .40 இப்போது மலிவு என்கிறார். பக்கத்து நிலத்துக்காரரோ மான் வேட்டைக்கும் உதவும் என்று 10 மி.மீ. வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வீட்டில் ஏழு வயதிலும் பத்து வயதிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். படிப்பு விசாவில் வந்திருக்கும் என் சித்தி மகன் தானும் சுட்டுப் பார்க்க வேண்டும் என்கிறான். அவனை அழைத்துச் செல்லலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம். நீங்கள் 9 மி.மீ. காலிபரையே வாங்குங்கள். (காலிபர் என்பது குண்டின் விட்டத்தைக் கொண்டு சொல்லும் அளவு; .45, .40 என்பவை அங்குலக் கணக்கு.) உங்களுக்கு ஆலோசனை சொன்ன மூவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதி உண்மைகள் எல்லாம் கைத்துப்பாக்கியைக் கையில் வைத்துக் கற்றுக்கொண்டவை. அதே தோட்டாவைப் பதினாறு அங்குலக் குழலுக்குள் போட்டுச் சுடும்போது கணக்கு இரண்டு இடங்களில் மாறிவிடுகிறது. ஒன்று குழலின் நீளம். மற்றொன்று, மலிவான கார்பைன்கள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பொதுவான இயங்குமுறை. இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால் காலிபர் விவாதத்தில் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடும்.

குழலை முதலில் பார்ப்போம். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம், தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளின் குழல் பதினாறு அங்குலத்துக்குக் குறைந்தால் அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கடையில் நீங்கள் பார்க்கும் கார்பைன்களின் குழல்கள் பதினாறு அங்குலத்தையோ அதைச் சற்றுத் தாண்டியோ நிற்பதற்கு இந்தச் சட்டம்தான் காரணமே தவிர, தோட்டாவுக்கு அவ்வளவு நீளம் தேவை என்பதல்ல. கைத்துப்பாக்கித் தோட்டாவில் இருப்பது குறைந்த அளவிலான, விரைந்து எரியும் வெடிமருந்து. அது முதல் சில அங்குலங்களிலேயே பெரும்பாலும் எரிந்து முடிகிறது. அதன் பிறகு குழலின் எஞ்சிய நீளத்தில் குண்டுக்குக் கிடைப்பது, ஏற்கெனவே உண்டான வாயு விரிவதால் வரும் சிறு உந்துதல் மட்டுமே. அந்த உந்துதல் எந்தக் காலிபருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

உங்கள் கிளாக் 19 துப்பாக்கியின் நான்கு அங்குலக் குழலிலிருந்து 115 கிரெயின் எடையுள்ள 9 மி.மீ. குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,150 அடி வேகத்தில் புறப்படுகிறது. அதே தோட்டா கார்பைனில் 1,300 அடியை ஒட்டி வரும். வேகம் 150 அடி கூடியது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவதால், 340 அடி-பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது 430க்கு ஏறிவிடுகிறது. .45 ஏ.சி.பி. தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911ஆம் ஆண்டு முதல் அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கியில் இடம்பெற்ற அந்தத் தோட்டா குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வது. தொழில் தரநிலைப்படி அதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு, 9 மி.மீ. தோட்டாவுக்கோ 35,000. குறைந்த அழுத்தத்தில் தொடங்குகிற வாயு நீண்ட குழலுக்குள் சீக்கிரமே களைத்துப்போகிறது. ஐந்து அங்குலக் குழலில் 850 அடி வேகத்தில் வரும் 230 கிரெயின் குண்டு, கார்பைனில் 900 அடியைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். கைத்துப்பாக்கியில் .45க்கு இருந்த ஆற்றல் மேன்மை, கார்பைனுக்கு வந்ததும் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இந்தக் கிரெயின் கணக்கு நம்மவர்களுக்குக் குழப்பம் தருவது. ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். நடுத்தர எடையான 124 கிரெயின் 9 மி.மீ. குண்டு ஏறத்தாழ எட்டு கிராம், அதாவது நம் நகைக்கடைக் கணக்கில் ஒரு பவுன். .45 குண்டு இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எடை வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்துச் சொல்லப்போவதற்கு அது வேண்டியிருக்கிறது.

உங்கள் கிளாக் துப்பாக்கி சுடும் கணத்தில் குழலும் அதை மூடியிருக்கும் மேலுறையும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்னால் நகர்கின்றன. அழுத்தம் தணிந்த பின்னரே பிரிகின்றன. மலிவான கார்பைன்களில் இந்தப் பூட்டு கிடையாது. அவற்றில் குழல் அசையாமல் நிற்கிறது. தோட்டாவின் பின்புறத்தை அடைத்து நிற்கும் போல்ட்டின் எடையும் அதன் பின்னாலுள்ள சுருள்வில்லும்தான் அழுத்தத்தைத் தாங்குகின்றன. இதைப் புளோபேக் என்பார்கள். அமைப்பு எளிது, செலவு குறைவு, உடைவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை. 600 டாலருக்குள் கார்பைன் கிடைப்பதே இதனால்தான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: குண்டு எவ்வளவு உந்தத்தோடு முன்னால் போகிறதோ அவ்வளவு உந்தம் போல்ட்டுக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது, அதைத் தாமதப்படுத்த எடையையும் வில்லையும் தவிர வேறு வழியில்லை. எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள்: கார்பைனிலிருந்து புறப்படும் 9 மி.மீ. குண்டைவிட .40 குண்டின் உந்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம், .45 குண்டினுடையது நூற்றுக்கு நாற்பது அதிகம். ஆகவே அந்தக் காலிபர்களில் போல்ட் கனமாகவோ வில் முரடாகவோ இருந்தாக வேண்டும். அந்தக் கனமான போல்ட் பின்னால் போய் மோதி, திரும்ப முன்னால் வந்து அறைகிறது. சுடுபவர் தோளில் உணர்வது இந்த இரண்டு மோதல்களையும் சேர்த்துத்தான்.

கைத்துப்பாக்கித் தோட்டா, அதுவும் தோளில் வைத்துச் சுடுவது, பஞ்சு போல இருக்கும் என்று நினைத்து .45 கார்பைன் வாங்கியவர்கள் என் பட்டறைக்கு வந்து, உதைப்பைக் குறைக்க ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்பது அடிக்கடி நடப்பது. பின்கட்டையில் ரப்பர் தலையணை வைத்துக் கொடுக்கலாம். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. உங்கள் துணைவியார் கிளாக்கின் உதைப்பையே விரும்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு .45 அல்லது .40 புளோபேக் கார்பைனைக் கொடுத்தால் முதல் மேகசினோடு (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) திருப்பிக் கொடுத்துவிடுவார். 9 மி.மீ. கார்பைன் நிச்சயமாக அவரது கைத்துப்பாக்கி அனுபவத்தைவிட மென்மையாக இருக்கும். அப்படி இருந்தால்தான் அவர் பழகுவார்.

.40 மலிவு என்று உங்கள் நண்பர் சொல்வதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் வங்கிக் கொள்ளையர் இருவருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். கொள்ளையரில் ஒருவனின் உடலுக்குள் போன 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டும் முன்பே நின்றுவிட்டது என்பது பின்னர் பெரிய விவாதமாயிற்று. எஃப்.பி.ஐ. முதலில் 10 மி.மீ. பக்கம் போனது, அதன் முழு வேகத் தோட்டா பலருக்குக் கட்டுப்படவில்லை. வேகத்தைக் குறைத்த 10 மி.மீ. போதும் என்றால் மருந்தை அடைத்திருக்கும் தோட்டாக் கூடு ஏன் அவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று கேட்டு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனமும் வின்செஸ்டரும் சேர்ந்து அதைக் குட்டையாக்கி 1990இல் வெளியிட்டதுதான் .40 எஸ் அண்ட் டபிள்யூ. அடுத்த இருபது ஆண்டுகள் அமெரிக்கக் காவல் துறைகளில் அதன் ஆட்சி. இதற்கிடையில் 9 மி.மீ. குண்டின் வடிவமைப்பு மிகவும் தேறியது, எஃப்.பி.ஐ.யே 2010களின் நடுவில் 9 மி.மீ. தோட்டாவுக்குத் திரும்பியது. காவல் துறைகளும் பின்தொடர்ந்து தங்கள் .40 கைத்துப்பாக்கிகளைக் கழித்துக்கட்ட, அவை பழைய துப்பாக்கிச் சந்தையில் குவிந்தன. எனவே மலிவாகக் கிடைப்பது பழைய .40 கைத்துப்பாக்கிகள்தான், தோட்டா மலிவு அல்ல, கார்பைனில் தேர்வும் குறைந்துகொண்டே வருகிறது. 2020க்குப் பிந்தைய தட்டுப்பாட்டில் 9 மி.மீ. அலமாரிகள் காலியாகக் கிடந்தபோது .40 பெட்டிகள் சில வாரங்கள் கூடுதலாகத் தாக்குப்பிடித்ததை நான் பார்த்தேன். ஏற்கெனவே .40 கைத்துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது ஒரு நியாயமான காரணமாக இருக்கலாம். உங்களுக்கு அது பொருந்தாது.

இனிப் பக்கத்து நிலத்துக்காரரின் மான். மூன்று பேரில் அவர் பேச்சில்தான் எனக்கு மதிப்பு அதிகம். ஏனென்றால் அவர் ஒஹாயோவின் விதியைத் தெரிந்துகொண்டு பேசுகிறார். இந்த மாநிலத்தில் ரைஃபிளால் மான் சுட வேண்டுமென்றால் தோட்டாக் கூடு மேல்முனையில் கழுத்துப் போலக் குறுகாமல் நேரான சுவருடையதாகவும், காலிபர் .357க்குக் குறையாமலும் .50க்கு மிகாமலும் இருக்க வேண்டும். 9 மி.மீ. குண்டின் விட்டம் .355 அங்குலம். ஆயிரத்தில் இரண்டு பங்கு அங்குலம் குறைவதால் அது தகுதி இழக்கிறது! குறுக்கு விட்டம் ஒருபுறம் இருக்க, 9 மி.மீ. கொண்டு மானைச் சுடுவதை விதி அனுமதித்தாலும் நான் அனுமதிக்க மாட்டேன். காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் ஓடிச் சாவதற்கே அது வழி செய்யும். 10 மி.மீ. கார்பைன் விதிக்கு உட்பட்டது, ஆற்றலும் ஓரளவு உண்டு. ஆனால் மான் வேட்டையின்போது துப்பாக்கிக்குள் மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால், மேகசின் கொள்ளளவு என்கிற கார்பைனின் வசதி அங்கே பயன்படப்போவதில்லை. ஆண்டின் சில நாள்களுக்கான வேட்டைக்காக, ஆண்டு முழுவதும் விலை அதிகமான, தோளை இடிக்கிற தோட்டாவைச் சுட்டுப் பழகுவது பொருத்தமாக எனக்குப் படவில்லை. (வேட்டை விதிகளை மாநில இயற்கை வளத் துறை ஆண்டுதோறும் கையேடாக வெளியிடுகிறது, எந்த ஆண்டு வேட்டைக்குப் போகிறீர்களோ அந்த ஆண்டின் கையேட்டைப் பாருங்கள்.)

உண்மையிலேயே மான் உங்கள் மனத்தில் இருந்தால், நான் காட்டுகிற வழி வேறு: நெம்புகோல் அடித்துச் சுடும் .357 மேக்னம் ரைஃபிள். நீண்ட குழல் உண்மையிலேயே பலன் தருகிற கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் இது ஒன்று. இதன் நீண்ட கூட்டுக்குள் மெதுவாக எரியும் மருந்து நிறையவே அடங்குகிறது. நான்கு அங்குல ரிவால்வரில் 1,200 அடி வேகத்தில் வரும் 158 கிரெயின் குண்டு, இத்தகைய ரைஃபிளில் 1,700 அடியைத் தாண்டும், ஆற்றல் இரட்டிப்பாகிறது. போல்ட்டின் எடையை நம்பி நிற்காமல் உறுதியாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு என்பதால் உதைப்பும் கூர்மையாக இராது. அதே துப்பாக்கியில் மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம் என்பதால் உங்கள் துணைவியாருக்கும் அது பிடிக்கும். இரண்டு தடைகள் உண்டு: நல்ல நெம்புகோல் ரைஃபிள் இப்போது உங்கள் 600 டாலருக்குள் கிடைப்பது அரிது, தோட்டா விலை 9 மி.மீ. விலையைப் போல இரண்டு மடங்கு. ஆகவே இதை இரண்டாவது துப்பாக்கியாகப் பின்னர் யோசிக்கலாம்.

பணக் கணக்குக்கு வருகிறேன். துப்பாக்கி விலையை எல்லோரும் ஒப்பிடுகிறார்கள், தோட்டா விலையை ஒருவரும் ஒப்பிடுவதில்லை. என் வட்டாரத்தில் இப்போது பயிற்சிக்கான 9 மி.மீ. தோட்டா ஒன்று இருபத்தைந்து சென்ட் அளவில் கிடைக்கிறது; .40 அதைவிடப் பத்து சென்ட் போலக் கூடுதல்; .45 நாற்பத்தைந்து சென்ட் வரை போகிறது. நீங்கள் இருவரும் சேர்ந்து மாதம் 200 தோட்டாக்கள் சுட்டால், அதுவே மிதமான பயிற்சிதான், ஆண்டுக்கு 2,400. 9 மி.மீ. என்றால் 600 டாலர்; .45 என்றால் 1,080. வேறுபாடு 480 டாலர். முதல் ஆண்டிலேயே கார்பைனின் விலையில் பெரும்பகுதி தோட்டா வேறுபாட்டில் போய்விடுகிறது. நடைமுறையில் யாரும் அந்தக் கூடுதல் பணத்தைச் செலவழிப்பதில்லை, சுடுவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மாதம் நூறு தோட்டா சுட்டுப் பழகியவர் கையிலுள்ள .45 கார்பைனைவிட, மாதம் இருநூறு சுட்டவர் கையிலுள்ள 9 மி.மீ. கார்பைனையே நான் நம்புவேன்.

மேகசின் இன்னொரு செலவு. உங்களிடம் கிளாக் 19 இருப்பது இங்கே பெரிய சாதகம். கெல்டெக் நிறுவனத்தின் சப்-2000, கிளாக் மேகசின் ஏற்கிற வடிவத்தில் கிடைக்கிறது. நடுவில் மடித்தால் பாதி நீளமாகிவிடும், எடை நான்கு பவுண்டு சொச்சம்தான். ரூகர் பி.சி. கார்பைனில் மேகசின் நுழையும் பகுதியைக் கழற்றி மாற்றலாம். கிளாக் மேகசினுக்கான பகுதியும் உண்டு. மான்ஸ்ஃபீல்டில், உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊரில் தயாராகும் ஹை-பாயின்ட் கார்பைன்தான் விலையில் எல்லாவற்றுக்கும் கீழே நிற்பது. தோற்றத்தைக் கேலி செய்வார்கள், ஆனால் வேலை செய்யும். யார் கையில் இருந்தாலும் பழுது பார்த்துத் தரும் வாழ்நாள் உத்தரவாதமும் உண்டு. அதன் குறை, அதற்கென்றே செய்த பத்துத் தோட்டா மேகசின். உங்கள் கிளாக் மேகசின் அதில் சேராது. கடைகளில் ஏறி இறங்கினால் சப்-2000 உங்கள் தொகைக்குள் மிச்சத்தோடும், ரூகர் தொகையின் விளிம்பிலும் கிடைக்கும்.

இவற்றில் உங்கள் வீட்டுக்கு ரூகர்தான் பொருத்தம் என்பது என் கருத்து. முதல் காரணம், அதன் மேகசின் விடுவிப்பானையும் போல்ட்டை இழுக்கும் பிடியையும் இடப்பக்கத்துக்கோ வலப்பக்கத்துக்கோ மாற்றிக்கொள்ளலாம்; இடக்கைக்காரரான உங்கள் துணைவியாருக்கு இது சலுகை அல்ல, தேவை. இரண்டாவது, ஏழு பவுண்டை ஒட்டிய அதன் எடையும், மோதலைத் தணிப்பதற்காகப் போல்ட்டுக்குள் வைத்திருக்கும் டங்ஸ்டன் பாரமும் உதைப்பை நன்றாகவே மென்மையாக்குகின்றன. சப்-2000 சுமப்பதற்கு இலகு; ஆனால் இலகுவான புளோபேக் துப்பாக்கி கன்னத்தில் சற்றுத் தட்டும். இயன்றால் துப்பாக்கி வாடகைக்குத் தரும் சுடுதளத்துக்கு இருவரும் போய், இரண்டையும் ஐம்பது தோட்டாக்கள் சுட்டுப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். அந்தத் தீர்மானத்தை அவரிடமே விட்டுவிடுங்கள்.

தொலைவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். மூன்று ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 120 கஜம்தான். ஐம்பது கஜத்துக்குக் குறி சரிசெய்த 9 மி.மீ. கார்பைன், நூறு கஜத்தில் ஏறத்தாழ ஆறு அங்குலம் தாழ்த்திச் சுடும்; .45 பத்து அங்குலம் தாழ்த்தும். கைத்துப்பாக்கித் தோட்டாக் கார்பைன் என்பது நூறு கஜத்துக்குள்ளான கருவி. அதற்குள் 9 மி.மீ. குறி கணிக்க எளிது. ஆனால் குண்டு நூறு கஜத்தில் நின்றுவிடாது, ஒரு மைலுக்கு மேல் போகும். பின்னால் முறையான மண்மேடு எழுப்பாமல் உங்கள் நிலத்தில் ஒரு தோட்டாவும் சுடாதீர்கள். நகராட்சி விதியையும் விசாரியுங்கள். சுடுதளத்தின் உறுப்பினர் கட்டணம் அந்த மண்மேட்டைவிட மலிவு.

பாதுகாப்புக்கான தோட்டாவுக்கு வேறு பெட்டி வாங்க வேண்டும். பயிற்சித் தோட்டாவின் உருண்டை முனைக் குண்டு வீட்டுக்குள் பல ஜிப்சம் சுவர்களைத் துளைத்துப் போகும்; அடுத்த அறையில் குழந்தைகள் உறங்குகிறார்கள். முனை குழிந்து, பட்டதும் விரியும் குண்டு இந்த ஆபத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. இங்கும் கார்பைனுக்கு ஒரு நுணுக்கம் உண்டு: இத்தகைய குண்டுகள் கைத்துப்பாக்கியின் வேகத்துக்கென வடிவமைக்கப்பட்டவை, எடை குறைந்த குண்டு கார்பைனின் கூடுதல் வேகத்தில் சிதறிவிடக்கூடும். ஆகவே 124 அல்லது 147 கிரெயினில் தேர்ந்தெடுங்கள். 147 கிரெயினுக்கு மற்றொரு நன்மை, அது ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்கு 1,125 அடி அளவை, ஒட்டியே பறப்பதால் வெடியோசையோடு சேரும் காற்றைக் கிழிக்கும் ஓசை பெரும்பாலும் இராது. அதற்காகக் காதுக் கவசத்தைக் கழற்றிவிட வேண்டாம். எந்த வகையைத் தேர்ந்தாலும், அதில் நூறு தோட்டாவாவது உங்கள் கார்பைனில் தடங்கலின்றி ஓடுவதைப் பார்த்த பின்னரே அதை நம்புங்கள்.

பெட்டியின் மேல் 9 மி.மீ. லூகர், 9 மி.மீ. பாராபெல்லம், 9×19 என்று எது எழுதியிருந்தாலும் அது ஒரே தோட்டா. ஜார்ஜ் லூகர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவாக்கியதன் பெயர்கள் அவை. ஆனால் 9×18 மகாரோவ் என்பதும், சில பெட்டிகளில் 9 மி.மீ. குர்ஸ் என்று போட்டிருக்கும் .380 தோட்டாவும் வேறு, அவற்றை வாங்கிவிடாதீர்கள். யாரோ வீட்டில் மருந்து நிரப்பிய தோட்டாவைப் புளோபேக் துப்பாக்கியில் போடவே வேண்டாம். மருந்து மிகுந்துபோனால் பூட்டில்லாத போல்ட் முன்கூட்டியே பின்வாங்கி, கூடு உங்கள் முகத்தருகே கிழியும்.

உங்கள் சித்தி மகனை அழைத்துச் செல்ல வேண்டாம். கிரீன் கார்டு உள்ள நீங்கள் இருவரும் துப்பாக்கி வாங்கலாம். வாங்கும்போது நிரப்பும் 4473 என்ற படிவத்தில் உங்கள் ஏலியன் எண்ணை (குடியேற்றத் துறை தந்த எண்) எழுதி, அடையாளச் சான்றும் இருப்பிடச் சான்றும் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் படிப்பு விசா, எச்-1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடை செய்கிறது. சுடுதளத்தில் பத்து நிமிடம் வாங்கிச் சுடுவதும் அதற்குள் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்கட்டும். பிடிபட்டால் அவனுடைய விசா மட்டுமல்ல, தெரிந்தே கொடுத்த உங்கள் கிரீன் கார்டும் ஆபத்துக்கு உள்ளாகும். நம் வீட்டுப் பிள்ளைகள் விருந்துக்கு வந்த இடத்தில் ஆசைப்பட்டுக் கேட்பதும், நாம் மறுக்கக் கூச்சப்படுவதும் எனக்குத் தெரியும். இந்த ஒன்றில் கூச்சப்படாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில், துப்பாக்கியை வாங்கும் நாளுக்கு முந்தைய நாளே பெட்டகம் வீட்டுக்கு வந்து, சுவரோடு திருகப்பட்டிருக்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டும் கட்டிலின் அடியும் பத்து வயதுக் குழந்தைக்கு ஒளிவிடம் அல்ல. கார்பைனைத் தோட்டா இல்லாமல் பெட்டகத்துக்குள்ளும், தோட்டாவை வேறு பூட்டுக்குள்ளும் வையுங்கள். இரவில் உடனே எடுக்க வேண்டும் என்றால், அதற்கு விரலால் எண் அழுத்தித் திறக்கும் சிறு பெட்டகத்தில் உங்கள் கிளாக் இருக்கட்டும். உங்கள் 600 டாலரில் பெட்டகச் செலவைச் சேர்த்திருக்கிறீர்களா என்று கடிதத்திலிருந்து தெரியவில்லை. சேர்க்கவில்லை என்றால் ரூகரை விட்டுச் சப்-2000 அல்லது ஹை-பாயின்ட் வாங்கி, மிச்சப் பணத்தில் பெட்டகம் வாங்குங்கள். காலிபர் மூன்றிலும் ஒன்றுதான்.